கதைப்பாடல் இல்லாத கொள்ளையர்: வானொலி வெஸ்டர்ன் கதைமரபும் கும்மிடிப்பூண்டி நெடுஞ்சாலை வழக்கும்

ஆய்வுச் சுருக்கம்

சட்டத்திற்குப் புறம்பான கொள்ளையரை அறிவால் வெல்லும் வீரன் என்னும் கதைமரபு 1933இல் அமெரிக்க வானொலியில் நிலைபெற்றது. தமிழ் மண்ணில் கொள்ளையரைப் பற்றிய கதைமரபு வேறு திசையில் வளர்ந்தது. இங்குக் கொள்ளையனே பாட்டுடைத் தலைவனானான். திருவள்ளூர் மாவட்டத்தில் 2005ஆம் ஆண்டு நிகழ்ந்த சட்டமன்ற உறுப்பினர் கொலை, அதனைத் தொடர்ந்த காவல்துறைத் தேடல், 2017இல் வெளிவந்த திரைப்படம் ஆகியவற்றில் இவ்விரு மரபுகளும் சந்தித்த விதத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. வீரக்கதை தனிமனிதக் குற்றத்தைப் பிறப்பின் குற்றமாக மாற்றும் இடம் எது என்பதைக் காட்டுவது இதன் நோக்கம்.

திறவுச்சொற்கள்: வெஸ்டர்ன் கதைமரபு, கதைப்பாடல், குற்றப்பழங்குடிச் சட்டம், கும்மிடிப்பூண்டி, பவாரியா வழக்கு, சீர்மரபினர்

முன்னுரை

நாட்டார் வழக்காற்றியலில் கொள்ளையர் கதை நெடுங்காலமாகப் பேசப்பட்டு வரும் பொருள். எரிக் ஹாப்ஸ்பாம் 1969இல் வெளியிட்ட நூலில் 'சமூகக் கொள்ளையர்' என்னும் கருத்தை விரிவாக முன்வைத்தார். அரசு எவனைக் குற்றவாளி என்கிறதோ அவனை உழவர் சமூகம் காவலனாகக் கருதும் நிலையையே அவர் அச்சொல்லால் குறித்தார். தமிழகத்தின் செம்புலிங்கம் எனப்படும் ஜம்புலிங்கம், மலையூர் மம்பட்டியான் ஆகியோர் இவ்வரையறைக்குப் பொருந்தும் சான்றுகளாகக் காட்டப்படுவர். ஆயினும் எல்லாக் கொள்ளையரும் பாட்டில் இடம்பெறுவதில்லை. கும்மிடிப்பூண்டி வழக்கின் கொள்ளையர் எந்தக் கதைப்பாடலிலும் புகவில்லை. அவர்களைப் பற்றிய கதையில் தலைவனாக நின்றவர் காவல் அதிகாரி. இம்மாற்றத்தின் காரணங்களை அறிய, வீரனை மையமாகக் கொண்ட அயல்மரபை முதலில் நோக்க வேண்டும்.

வானொலியில் பிறந்த வீரன்

'லோன் ரேஞ்சர்' நாடகத் தொடர் 1933 ஜனவரியில் டெட்ராய்ட் நகர வானொலி நிலையம் ஒன்றில் தொடங்கியது. நிலையத்தின் உரிமையாளர்களுள் ஒருவரான ஜார்ஜ் ட்ரெண்டில், எழுத்தாளர் ஃபிரான் ஸ்ட்ரைக்கர் ஆகிய இருவரின் பெயர்களும் அதன் தோற்றத்தோடு இணைத்துப் பேசப்படுகின்றன. பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே தொடங்கிய அத்தொடர் 1954 வரை நீடித்தது. டெக்சாஸ் ரேஞ்சர்கள் அறுவர் கேவண்டிஷ் கும்பலின் பதுங்குத் தாக்குதலுக்கு ஆளாகின்றனர். உயிர் பிழைத்த ஒருவனை டோண்டோ என்னும் பழங்குடித் தோழன் பேணிக் காக்கிறான். அவன் முகமூடி அணிந்து, நீதிக்காகக் குதிரையேறிப் புறப்படுகிறான். இதுவே அத்தொடரின் அடிப்படைக் கதை.

இக்கதைமரபில் மூன்று கூறுகள் கருதத்தக்கவை. முதலாவது, வீரன் கொல்வதற்காகச் சுடுவதில்லை. மாறுவேடம், பொறி, முன்கணிப்பு ஆகியவற்றாலேயே எதிரியை வீழ்த்துகிறான். கண்ணுக்குக் காட்சி இல்லாத வானொலியில் சூழ்ச்சியும் குரல் மாற்றமும் நாடகத்தை நடத்தப் பெரிதும் பயன்பட்டன. இரண்டாவது, கொள்ளையருக்கு ஊர் இல்லை, உறவு இல்லை, வரலாறு இல்லை. கதை தொடங்கும்போதே அவர்கள் தீயோர். மூன்றாவது, பழங்குடியினன் வீரனின் துணைவனாக மட்டுமே இடம்பெறுகிறான். டோண்டோவின் குரலாக ஒலித்தவர் ஜான் டாட் என்னும் வெள்ளை நடிகர். நிலத்தை இழந்தவனின் குரலையும் நிலத்தைப் பெற்றவனே பேசிய அமைப்பு இது.

தமிழில் வெஸ்டர்ன் மரபு

தமிழ் வாசகரிடமும் பார்வையாளரிடமும் இம்மரபு பெரிதும் சித்திரக்கதை, திரைப்படம் ஆகியவற்றின் வழியே வந்து சேர்ந்தது. ஒளிப்பதிவாளர் எம். கர்ணன் இயக்கி, ஜெய்சங்கர் நடித்த 'கங்கா' 1972இல் வெளிவந்தது. அதே ஆண்டில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸும், 1984இல் லயன் காமிக்ஸும் தொடங்கின. இத்தாலியில் 1948இல் படைக்கப்பட்ட டெக்ஸ் வில்லர், லயன் காமிக்ஸ் வழியே தமிழ் வாசகரின் நெருங்கிய நாயகரானார். டெக்ஸ் டெக்சாஸ் ரேஞ்சராக இருப்பதோடு நவஹோ பழங்குடியினரின் தலைவராகவும் விளங்குபவர். 'இரவுக் கழுகு' என்னும் அவரது பழங்குடிப் பெயர் தமிழ் வாசகரிடையே நிலைத்தது. டோண்டோவைத் துணைவனாக நிறுத்திய வானொலி மரபிலிருந்து இது விலகியது எனினும், கொள்ளையரை வரலாறு அற்றவராகக் காட்டும் இரண்டாம் கூறு பெருமளவில் மாறவில்லை.

இதற்கு இணையாக, தமிழ்க் கதைப்பாடல் மரபு எதிர்த்திசையில் நின்றது. 1920களில் தென்மாவட்டங்களில் வாழ்ந்த ஜம்புலிங்கம் மக்கள் பாடலில் சிங்கமாகப் போற்றப்பட்டார். 1960களில் கொல்லப்பட்ட மம்பட்டியானின் கதை 1983இல் திரைப்படமானது. இக்கதைகளில் கொள்ளையனுக்கு ஊர் உண்டு, தாய் உண்டு, இழைக்கப்பட்ட அநீதி உண்டு, காட்டிக்கொடுத்த துரோகி உண்டு. காவல்துறை பெரும்பாலும் பெயரற்ற கூட்டமாகவே தோன்றும். வானொலிக் கதை கொள்ளையனிடமிருந்து பறித்துக்கொண்ட அனைத்தையும் கதைப்பாடல் அவனுக்குத் திருப்பி அளித்தது.

நெடுஞ்சாலையும் 2005ஆம் ஆண்டு வழக்கும்

திருவள்ளூர் மாவட்டம் 1997இல் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதன் வடகோடியில் ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த கும்மிடிப்பூண்டி, சிப்காட் தொழிற்பேட்டையாலும் சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையாலும் உருமாறிய பகுதி. எளாவூர் சோதனைச்சாவடி வழியாக வடமாநிலச் சரக்குந்துகள் இரவும் பகலும் வந்துசெல்கின்றன. தொழில் வளர்ச்சியின் அடையாளமான இவ்வாகனப் பெருக்கம், அயலார் ஒருவர் ஐயத்திற்கு இடமின்றி வந்துபோகும் வழியாகவும் அமைந்தது. வெஸ்டர்ன் கதையில் கொள்ளையனின் குதிரை அவனைக் காட்டிக்கொடுக்கும். ஆயிரம் லாரிகளுக்கு நடுவே நிற்கும் ஒரு லாரி எவரையும் காட்டிக்கொடுப்பதில்லை.

1990களின் நடுப்பகுதியிலிருந்து தமிழகத்தின் நெடுஞ்சாலைகளை ஒட்டிய தனித்த வீடுகளில் கொலையும் கொள்ளையும் நிகழ்ந்தன. 2005 ஜனவரி 9 அன்று, பெரியபாளையம் அருகே தானாகுளத்திலிருந்த இல்லத்தில் கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினர் கே. சுதர்சனம் சுட்டுக்கொல்லப்பட்டார். அவ்வாண்டு மே மாதம் இத்தொகுதியில் இடைத்தேர்தல் நடைபெற்றது. காவல்துறைத் தலைவர் எஸ்.ஆர். ஜாங்கிட் தலைமையிலான தனிப்படை வடமாநிலங்களில் தேடல் நடத்தி, பவாரியா கும்பல் என்று அறியப்பட்டோரைக் கைது செய்தது. குற்ற இடங்களில் கிடைத்த கைரேகைகள் புலனாய்வின் முதன்மைத் தடயங்களாயின.

இக்கொள்ளையர் ஏன் கதைப்பாடலில் இடம்பெறவில்லை என்பதற்கான விடை இங்கே உள்ளது. சமூகக் கொள்ளையன் தோன்ற, அவனை மறைத்து உணவளிக்கும் ஓர் உள்ளூர்ச் சமூகம் வேண்டும். சரக்குந்தில் வந்து, இரவில் தாக்கி, மாநில எல்லை கடந்து மறைந்தோருக்கு இம்மண்ணில் அத்தகைய உறவு இல்லை. அவர்களால் பாதிக்கப்பட்டோர் உள்ளூர் மக்களே. துயரம் மட்டும் எஞ்சிய இடத்தில் பாட்டுடைத் தலைவனின் இருக்கை காலியாகிறது. அவ்விருக்கையில் காவல் அதிகாரி அமர்கிறார்.

வீரக்கதையும் சட்ட வரலாறும்

இவ்வழக்கைத் தழுவி எச். வினோத் இயக்கிய 'தீரன் அதிகாரம் ஒன்று' 2017 நவம்பரில் வெளிவந்தது. பொறுமையான தடயத் தேடல், தொலைதூரப் பயணம், பாலை நிலம், எதிரியின் வழியை முன்கூட்டியே கணித்தல் என வானொலி வெஸ்டர்ன் மரபின் கூறுகள் பல அதில் இயல்பாக அமைந்தன. புலனாய்வின் உழைப்பைக் காட்டியமைக்காகப் படம் பாராட்டப்பட்டது. ஆனால் கொள்ளையரின் தோற்றத்தை விளக்கக் குற்றப்பரம்பரை என்னும் கருத்தைக் கையாண்டமைக்குச் சீர்மரபினரிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது. தயாரிப்பு நிறுவனம் வருத்தம் தெரிவித்தது.

எதிர்ப்பின் ஆழத்தைச் சட்ட வரலாறே விளக்கும். 1871இல் வட இந்தியாவில் நடைமுறைக்கு வந்த குற்றப்பழங்குடிச் சட்டம், 1911ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் சென்னை மாகாணத்திற்கும் விரிந்தது. வட இந்தியாவில் இச்சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட சமூகங்களுள் பவாரியரும் இடம்பெற்றனர். குற்றம் செய்தாரா என்று பாராமல், குழுவில் பிறந்தவர் என்பதற்காகவே பெயர்ப் பதிவும் கைரேகைப் பதிவும் நடமாட்டக் கட்டுப்பாடும் விதிக்கப்பட்டன. 1920 ஏப்ரல் 3 அன்று மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில், கைரேகைப் பதிவை எதிர்த்த பிரமலைக் கள்ளர் மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. மாயக்காள் என்னும் பெண் உள்ளிட்டோர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் 1947இலும் இந்திய அளவில் 1952இலும் அச்சட்டம் நீக்கப்பட்டது.

இங்கு ஒரு முரண் கவனத்திற்குரியது. கைரேகை ஒரு மனிதரை மற்றெல்லா மனிதரிடமிருந்தும் பிரித்துக்காட்டும் சான்று. 1897இல் கல்கத்தாவில் நிறுவப்பட்ட கைரேகைப் பணியகம் இவ்வறிவியலை அரசின் கருவியாக்கியது. 1911ஆம் ஆண்டுச் சட்டம் அக்கருவியைக் கொண்டே ஒரு சமூகம் முழுவதையும் ஐயத்திற்குரியதாக்கியது. 2005ஆம் ஆண்டு வழக்கில் அதே கைரேகை, குறிப்பிட்ட வீட்டில் குறிப்பிட்ட இரவில் இருந்த தனிமனிதரைச் சுட்டியது. புலனாய்வு வென்றது தனிமனிதரை அடையாளம் கண்டதனால். குருதி வழியைக் கண்டதனால் அன்று. கதை இவ்வேறுபாட்டைத் தலைகீழாக்கும்போது, வெற்றிபெற்ற முறையை மறைத்துவிட்டு, சட்டம் கைவிட்ட பழைய கருத்தை வெற்றிக்குக் காரணமாக்கிவிடுகிறது.

முடிவுரை

வானொலி வீரன், கதைப்பாடல் கொள்ளையன், திரைப்படக் காவல் அதிகாரி ஆகிய மூவரும் ஒரே வினாவிற்கு அளிக்கப்பட்ட மூன்று விடைகள்: சட்டத்திற்கு வெளியே நிற்பவன் யார்? வானொலி அவனுக்கு வரலாறு அளிக்கவில்லை. கதைப்பாடல் அநீதியின் வரலாற்றை அளித்தது. திரைப்படம் பிறப்பின் வரலாற்றை அளித்தது. முதலிரண்டும் குறையுடையவை எனினும், மூன்றாவது மட்டுமே, வாழும் சமூகம் ஒன்றின் மீது மீண்டும் படியக்கூடிய கறையாகிறது.

தானாகுளத்திலும் நெடுஞ்சாலையோர வீடுகளிலும் உயிரிழந்தோருக்கு நீதி வேண்டும் என்பதில் ஐயமில்லை. அந்நீதியைத் தேடிச் சென்றோரின் உழைப்பும் பதிவு செய்யத்தக்கது. குற்றம் செய்தவரைச் செயலால் அடையாளம் காண்பதே அவ்வுழைப்புக்குச் செய்யும் மரியாதை. திருவள்ளூர் மாவட்ட வட்டார வரலாற்றை எழுதுவோர், இவ்வழக்கின் காவல்துறை, நீதிமன்ற ஆவணங்களைத் திரைக்கதையிலிருந்து பிரித்து வாசிப்பது முதற்பணியாக அமைய வேண்டும்.