இரண்டு நாள்களில் அமிர்தசரஸ்: பொற்கோயில் பயணத்துக்கு முன் அறிய வேண்டியவை

பஞ்சாப் மாநிலத்தின் அமிர்தசரஸ் நகருக்கு வழிகாட்டியுடன் மேற்கொள்ளப்படும் பயணங்கள் பெரும்பாலும் ஓரிரு நாள்களுக்குள் முடிந்துவிடுகின்றன. ஜாலியன்வாலா பாக், பிரிவினை அருங்காட்சியகம் ஆகியவை பொற்கோயிலிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளதால், நகரைப் பார்க்க இரண்டு நாள்கள் போதுமானவை. எனினும், அதில் பொற்கோயிலுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கப்படுகிறது என்பதைப் பொருத்தே பயணத்தின் நிறைவு அமைகிறது.

நகரின் தோற்றம்

சீக்கியர்களின் நான்காவது குருவான குரு ராம்தாஸ், 1577-இல் இங்கு திருக்குளத்தை அமைக்கும் பணியைத் தொடங்கினார். 'அமுதக் குளம்' எனப் பொருள்படும் அதன் பெயரே நகருக்கும் நிலைத்தது. குளத்தின் நடுவே ஹர்மந்திர் சாஹிப் எனப்படும் கோயிலை எழுப்பிய ஐந்தாவது குருவான குரு அர்ஜன் தேவ், 1604-இல் சீக்கியர்களின் புனித நூலை அங்கு நிறுவினார்.

எத்திசையிலிருந்து வருவோரும் நுழையலாம் என்பதைக் குறிக்கும் வகையில் கோயிலுக்கு நான்கு வாயில்கள் உள்ளன. படிகளில் இறங்கியே கோயில் வளாகத்தை அடைய வேண்டும். இது பணிவின் அடையாளமாகக் கருதப்படுகிறது. இன்று காணும் பொற்தகடுகள், 19-ஆம் நூற்றாண்டில் மகாராஜா ரஞ்சித் சிங் ஆட்சியில் வேயப்பட்டவை.

தரிசன நடைமுறை

அனைத்து மதத்தினரும் கோயிலுக்குள் அனுமதிக்கப்படுகின்றனர், கட்டணம் இல்லை. ஆண், பெண் இருபாலரும் தலையைத் துணியால் மூடிக்கொள்வது கட்டாயம். காலணிகளைக் காப்பகத்தில் ஒப்படைத்து, கால்களைக் கழுவிய பின்னரே உள்ளே செல்ல வேண்டும். புகையிலை, மது ஆகியவற்றுக்கு முற்றிலும் தடை. கருவறைக்குள் படம் எடுக்கக் கூடாது.

குளத்தின் குறுக்கே அமைந்த பாலத்தில் வரிசையில் நின்றே கருவறையை அடைய முடியும். விடுமுறை நாள்களிலும் குருமார்களின் பிறந்தநாள் விழாக்களிலும் காத்திருப்பு பல மணி நேரம் நீளக்கூடும். அதிகாலையில் கூட்டம் ஒப்பீட்டளவில் குறைவு. இரவில் புனித நூல் பல்லக்கில் அகால் தக்துக்கு எடுத்துச் செல்லப்பட்டு, விடியலுக்கு முன் மீண்டும் கோயிலுக்குக் கொண்டுவரப்படுகிறது. இதைக் காண விரும்புவோர் கோயிலுக்கு அருகே தங்குவது நல்லது.

லங்கர்

லங்கர் எனும் பொது உணவுக்கூடத்தில் இரவு பகலாக அனைவருக்கும் இலவசமாக உணவு வழங்கப்படுகிறது. செல்வர், ஏழை, சாதி, மத வேறுபாடின்றி அனைவரும் தரையில் ஒரே வரிசையில் அமர்கின்றனர். ரொட்டியை இரு கைகளாலும் ஏந்திப் பெறுவது மரபு. உணவை வீணாக்கக் கூடாது. காய் நறுக்குதல், ரொட்டி இடுதல், பாத்திரம் கழுவுதல் போன்ற சேவைகளில் பயணிகளும் பங்கேற்கலாம். சீக்கிய சமயம் வலியுறுத்தும் சமத்துவத்தை நேரில் உணர இதைவிடச் சிறந்த இடம் இல்லை. அவசரப் பயணத் திட்டங்களில் முதலில் கைவிடப்படுவதும் இதுவே.

நினைவிடங்கள்

ஜாலியன்வாலா பாகில் 1919 ஏப்ரல் 13-ஆம் தேதி, வைசாகி நாளில் கூடியிருந்த நிராயுதபாணி மக்கள் மீது ஜெனரல் டயரின் உத்தரவின்பேரில் துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. அரசுக் கணக்கின்படி 379 பேர் உயிரிழந்தனர். உண்மையான எண்ணிக்கை இதைவிடப் பன்மடங்கு அதிகம் என்று அப்போதே காங்கிரஸ் கூறியது. குண்டு துளைத்த சுவர்களும், உயிர் தப்ப மக்கள் குதித்த கிணறும் இன்றும் உள்ளன.

பழைய நகர மன்றக் கட்டடத்தில் 2017-இல் திறக்கப்பட்ட பிரிவினை அருங்காட்சியகம், 1947-இல் வீடிழந்து இடம்பெயர்ந்தோரின் உடைமைகளையும் வாய்மொழிச் சாட்சியங்களையும் பாதுகாக்கிறது. சுமார் 30 கி.மீ. தொலைவிலுள்ள அட்டாரி எல்லையில் மாலையில் கொடியிறக்க நிகழ்ச்சி நடைபெறுகிறது. எல்லை நிலவரத்துக்கு ஏற்ப இதில் மாற்றங்கள் செய்யப்படுவதால், முன்கூட்டியே விசாரிப்பது அவசியம்.

முன்பதிவுக்கு முன்

பொற்கோயிலுக்குக் குறைந்தது அரை நாள் ஒதுக்கப்பட்டுள்ளதா, தங்குமிடம் கோயிலுக்கு அருகில் உள்ளதா, எல்லைக்குச் செல்லும் வாகனச் செலவு கட்டணத்தில் அடங்குமா ஆகியவற்றை ஏற்பாட்டாளரிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெறலாம். தரிசனமும் உணவும் இலவசம் என்பதால், அவற்றுக்கெனத் தனிக் கட்டணம் கேட்டால் செலுத்தத் தேவையில்லை.

டிசம்பர், ஜனவரி மாதங்களில் கடும் மூடுபனியால் ரயில், விமான சேவைகள் தாமதமாகக்கூடும். மே, ஜூன் மாதங்களில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதுண்டு. பளிங்குத் தரையில் வெறுங்காலுடன் நடக்க வேண்டும் என்பதால், முதியோருடன் செல்வோருக்கு அக்டோபர், நவம்பர், பிப்ரவரி, மார்ச் மாதங்கள் ஏற்றவை.