‘அண்ணை றைற்’ போன தூரம்
கே. எஸ். பாலச்சந்திரனின் கலை வாழ்வை முன்வைத்துச் சில குறிப்புகள்

எடிசனில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்த பொங்கல் விழாவொன்றில் எம்மவர் ஒருவர் தோளில் ஒரு தோற்பையை மாட்டிக்கொண்டு மேடையேறி, ‘அண்ணை றைற்’ என்று குரல் கொடுத்தார். மண்டபத்தில் ஒரு சிறு பகுதியினர் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்கள் யாழ்ப்பாணத்து பஸ்களில் பயணம் செய்து பழகிய, இன்று ஐம்பதைத் தாண்டிய ஆட்கள். தமிழ்நாட்டு நண்பர்களும் எமது பிள்ளைகளும் ஒன்றும் விளங்காமல் பார்த்துக்கொண்டிருந்தனர். பக்கத்தில் இருந்த நண்பர், “இது எந்தப் படத்துல வர்ற சீன் சார்?” என்று கேட்டார். படமில்லை என்றேன். அப்படியானால் என்ன என்பதற்கு ஒரு வசனத்தில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இக்கட்டுரை அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில். எமது பிள்ளைகளுக்கும் அது தேவைப்படும்.

‘அண்ணை றைற்’ ஒரு தனிநடிப்பு. இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்ஸின் கொண்டக்டர், ஆட்களை ஏற்றி முடிந்ததும் சாரதிக்குக் கொடுக்கும் குரல் அது. பஸ்ஸும் இல்லை, பயணிகளும் இல்லை. ஒரே ஒரு மனிதர் நின்றுகொண்டு ஒரு பஸ் நிறைந்த சனத்தை எம் கண்முன்னே கொண்டுவருவார். அதை எழுதி நடித்தவர் கே. எஸ். பாலச்சந்திரன். 1944இல் வடமராட்சியில் கரவெட்டியில் பிறந்தவர். 2014 பெப்ரவரி 26இல் ரொறன்ரோவில் காலமானார். இடைப்பட்ட எழுபது ஆண்டுகளில் மேடை, வானொலி, சினிமா, தொலைக்காட்சி, ஒலிநாடா, நாவல் என்று அவர் புகாத துறை அபூர்வம். இத்தகையவருக்கு எமது சமூகம் ஒரு பட்டம் சூட்டும்: ‘பல்துறைக் கலைஞர்’. பொன்னாடையும் போர்த்தும். அத்தோடு எமது கடமை முடிந்துவிடும்.

இந்தப் பட்டத்துக்குப் பின்னால் மறைந்து கிடக்கும் வரலாற்றைப் பார்ப்பதே என் நோக்கம். ஈழத்துத் தமிழ்க் கலைஞன் ஏன் பல துறைகளில் ஈடுபட்டான்? திறமை ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் பிரதான காரணம் அதுவல்ல. எந்த ஒரு துறையும் அவனுக்குச் சோறு போடவில்லை. எந்த ஒரு துறையும் அவன் முழுதாகக் கால் ஊன்றி நிற்குமளவுக்கு நீடிக்கவுமில்லை. ஒரு கதவு மூடப்பட, மறு கதவைத் தட்டினான். பாலச்சந்திரன் இறைவரித் திணைக்களத்தில் உத்தியோகம் பார்த்தபடிதான் கலைஞராக இருந்தார். சென்னையில் ஒரு நகைச்சுவை நடிகனுக்கு நடிப்பே தொழில். எமக்கு அது கந்தோர் முடிந்த பிறகு செய்கிற காரியம்.

எழுபதுகளை எடுத்துக்கொள்வோம். 1970இல் பதவிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் இந்தியாவிலிருந்து வரும் சஞ்சிகைகள், புத்தகங்கள், திரைப்படங்கள் மீது கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது. இதன் அரசியல் நியாய அநியாயங்கள் பற்றி எம்மிடையே இன்றும் ஒருமித்த கருத்தில்லை. ஆனால் அந்த இடைவெளியில் உள்ளூர்ப் படைப்புக்கு ஒரு சந்தை கிடைத்தது என்பதை மறுக்க முடியாது. வீரகேசரி நிறுவனம் ஈழத்து நாவல்களைத் தொடர்ச்சியாக வெளியிட்டது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரின் பொப்பிசைப் பாடல்கள் கல்யாண வீடுகளிலும் கோயில் வீதிகளிலும் ஒலித்தன. பைலாவின் தாளத்தில் யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழை ஏற்றிய அந்தப் பாடல்களைப் பண்டிதர்கள் முகம் சுளித்துத்தான் கேட்டார்கள், ஆனால் கேட்டார்கள்.

இசைக்குப் பொப் பாடகர்கள் செய்ததை நாடகத்துக்கு வானொலி செய்தது. இலங்கை வானொலியில் சானா என்று அறியப்பட்ட சண்முகநாதன் போன்றோர் ஏற்கெனவே பேச்சுமொழிக்கு இடம் பிடித்துக் கொடுத்திருந்தனர். ‘லண்டன் கந்தையா’ அதற்கு நல்ல உதாரணம். எழுபதுகளில் சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ வந்தது. திரைப்படத்துக்கென எழுதப்பட்ட அந்தப் பிரதி, படமாக வராமல் வானொலித் தொடராக வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது. மேலே சொன்ன கதவுகளின் கதைக்கு இதைவிடச் சான்று வேண்டாம். சில்லையூரார் கவிஞர், பத்திரிகையாளர், விமர்சகர், நடிகர், விளம்பரத் துறையிலும் கைவைத்தவர். ‘பல்கலைவேந்தர்’ என்ற பட்டமே அவருக்குரியது. 1933இல் பிறந்து 1995இல் மறைந்த அவரைப் பாலச்சந்திரனுக்கு முன்னோடி என்று கொள்ளலாம். ‘தணியாத தாகம்’ தொடரில் பாலச்சந்திரன் நடித்தார். பின்னர் ‘வாத்தியார் வீட்டில்’ என்ற நகைச்சுவைத் தொடரைத் தாமே எழுதினார்.

வானொலி நாடகத்தில் முகமில்லை, உடையில்லை, காட்சியில்லை. குரலும் சொல்லும்தான். பாத்திரம் எந்த ஊர், என்ன வயது, எவ்வளவு படிப்பு என்பதைக் கேட்பவன் உச்சரிப்பிலிருந்தே அறியவேண்டும். பாலச்சந்திரனின் காது இந்தப் பட்டறையில்தான் கூர்மையானது. ‘அண்ணை றைற்’ தனிநடிப்பும் அடிப்படையில் காதின் கலைதான். அதைக் கசற்றில் கேட்டு ரசித்தவர்கள் மேடையில் பார்த்தவர்களுக்குச் சற்றும் குறையாமல் சிரித்ததற்கு இதுவே காரணம்.

1978இல் ‘வாடைக்காற்று’ படமாக வந்தது. செங்கை ஆழியானின் நாவல். நெடுந்தீவுக்குப் பருவகாலத்தில் வாடி அமைக்க வரும் மீனவர்களின் கதை. பிரேம்நாத் மொறாயஸ் இயக்கினார். பொப் பாடகர் மனோகரனும் வானொலி நடிகர் பாலச்சந்திரனும் அதில் நடித்தார்கள். நாவலாசிரியன், பாடகன், வானொலிக்காரன் எல்லோரும் ஒரே படத்தில் கூடினர் என்றால் அது தற்செயல் அல்ல. களம் அவ்வளவு சிறியது. 1963இல் ‘தோட்டக்காரி’ வந்ததிலிருந்து ஈழத்தில் தயாரான தமிழ்ப் படங்கள் மிகச் சில. ஒவ்வொரு படமும் யாரோ ஒருவரின் கைக்காசைக் கரைத்தது. மனோகரன் பின்னர் தமிழகம் போய்த் திரைப்படங்களிலும் தொலைக்காட்சியிலும் நடித்து, 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். அந்த வழியில் போக எல்லோராலும் முடியவில்லை, போக விரும்பியதுமில்லை.

1982 பெப்ரவரியில் ரூபவாகினி ஒளிபரப்பைத் தொடங்கியது. தமிழுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் சொற்பம். ஆயினும் வானொலி நடிகர்களுக்கு அது ஒரு புதிய கதவு; பாலச்சந்திரனும் அதன் வழியே போனார். மறு ஆண்டு யூலை வந்தது. ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1981இல், யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. நூலகம் எரிந்ததை நாம் ஒவ்வோர் ஆண்டும் நினைவுகூருகிறோம். படச்சுருள் எரிந்ததைப் பற்றி எத்தனை பேர் பேசுகிறோம்? சிரிப்பும் பாட்டும் ஆவணமாகக் கருதத்தக்கவை அல்ல என்ற எண்ணம் எமக்குள் ஊறிக் கிடக்கிறது.

இந்த இடத்தில் ஒரு மாற்றுக் கருத்தை எதிர்கொண்டேயாக வேண்டும். நாடகத்துறை நண்பர்கள் சிலர் சொல்வது: 1985இல் யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனியர்’ மேடையேறி, காலத்தின் வலியை நேருக்கு நேர் பேசியபோது, வானொலிக்காரர்கள் வீட்டுச் சண்டையையும் மாமி மருமகளையும் வைத்துச் சிரிப்புக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அது அரசாங்க வானொலிக்கு வசதியான கலை. இதில் உண்மை இல்லாமல் இல்லை. அரசின் கையிலிருந்த ஊடகத்தில் எதைப் பேசலாம் என்பதற்கு எல்லை இருந்தது. அந்த எல்லைக்குள் நின்றவர்களை எல்லை தாண்டியவர்களோடு ஒரே தட்டில் வைக்க நானும் தயாரில்லை.

ஆனால் ‘மண் சுமந்த மேனியர்’ போன்ற நாடகத்தின் பார்வையாளர், பேச்சுத் தமிழிலேயே ஒரு மனிதன் தன் துயரைச் சொல்லலாம், அதைக் கலையென்று ஏற்கலாம் என்பதை எங்கே பழகினார்கள்? ஒரு காலத்தில் எமது மேடைகளில் அரசனும் செந்தமிழ், சேவகனும் செந்தமிழ். பேச்சுமொழி வந்தால் அது கோமாளிக்கு மட்டும். சாதாரண வீட்டின் சாதாரணப் பேச்சை ஆயிரக்கணக்கான காதுகளுக்கு அன்றாடம் கொண்டுபோனது வானொலி. அதன் துணையின்றிப் பிந்திய தீவிர நாடகம் சனத்தை அவ்வளவு விரைவாகச் சென்றடைந்திருக்குமா என்று கேட்கிறேன். இன்னொன்றும் கவனிக்கவேண்டும். ‘அண்ணை றைற்’ கொண்டக்டர் சிரிப்புக்கு ஆளாகும் ஏழையல்ல; பஸ்ஸை நடத்துபவனும் எல்லோரையும் எடைபோடுபவனும் அவனே. பார்வை அவனுடையது. அக்காலத்து நகைச்சுவையில் இது சிறிய விடயமல்ல.

பின்னர் இடப்பெயர்வு. எம்மில் பலர் அமெரிக்காவுக்குள் வந்து, பஃபலோவில் காத்திருந்து, பாலம் கடந்து கனடாவுக்குப் போனோம். சிலர் போகாமல் நியூ ஜேர்சியிலேயே தங்கிவிட்டோம். போனவர்களுக்கு ரொறன்ரோவில் ஒரு சனத்திரள் கிடைத்தது. அது இருந்தால்தான் பகிடிக்குச் சிரிக்க ஆளிருக்கும். கனடாவில் குடியேறிய பாலச்சந்திரன் அங்கும் மேடையேறினார். தமிழ்த் தொலைக்காட்சிக்கு ‘வை. ரி. லிங்கம்’ என்ற பெயரில் நகைச்சுவைத் தொடர் செய்தார். அந்தப் பெயரை ஒருமுறை உரத்து வாசித்துப் பாருங்கள். ஊரில் வைத்திலிங்கமாக இருந்தவர் குளிர்தேசத்தில் ஆங்கில எழுத்துகளாக உடைந்துபோனார். எமது தொழிற்சாலை அட்டைகளிலும் வங்கிப் புத்தகங்களிலும் நடந்தது அதுவே. எமது பெயர்களை இந்நாட்டு மேலாளர்கள் அரைவாசியாக வெட்டியபோது நாம் மௌனமாக இருந்தோம். அவர் அதைச் சிரிப்பாக்கித் திருப்பிக் கொடுத்தார்.

ஊர் நினைவில் மூழ்கிய கலைஞர் என்று அவரை ஒதுக்குவோருக்கும் ஒரு தகவல். லெனின் எம். சிவம் 2009இல் இயக்கிய ‘1999’ திரைப்படம் ரொறன்ரோத் தமிழ் இளைஞரின் குழுச் சண்டைகளைப் பற்றியது. எமது சமூகம் வெளியே பேச வெட்கப்பட்ட விடயம். அதில் மூத்த தலைமுறைப் பாத்திரமொன்றில் பாலச்சந்திரன் நடித்தார். எம்மைச் சிரிக்கவைத்த அதே குரல் எமது தோல்வியையும் சொல்லியது.

அதே 2009இல்தான் ‘கரையைத் தேடும் கட்டுமரங்கள்’ என்ற அவரது நாவல் வடலி வெளியீடாக வந்தது. கடலோரக் கிராமமொன்றின் மீனவர் வாழ்க்கை அதன் களம். வாடைக்காற்றில் நடித்து 31 ஆண்டுகள் கழித்து அவர் மறுபடியும் கடற்கரைக்குப் போனார். இம்முறை நடிகராக அல்ல, எழுத்தாளராக. அறுபத்தைந்து வயதில், குரலால் வாழ்ந்த ஒருவர் ஏன் காகிதத்துக்கு வரவேண்டும்? என் வாசிப்பு இது: நடிப்புக்கு, அந்தப் பேச்சை அறிந்த சனம் எதிரே இருக்கவேண்டும். அந்தச் சனம் உலகெங்கும் சிதறிவிட்டது. எஞ்சியோரின் பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சுத் தெரியாது. எழுத்தில் வைத்தால் என்றோ ஒருநாள் யாரோ ஒருவர் எடுத்துப் பார்க்கலாம். எம் போரும் அதே ஆண்டில் ஒரு கடற்கரையில்தான் முடிந்தது. அந்த ஆண்டில் கரையோரத்து மனிதரின் பேச்சு ஒரு நூலில் பதிவானது என்பதை இலக்கியச் செய்தியாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. தமது கலை அனுபவங்களையும் ‘நேற்றுப் போல இருக்கிறது’ என்று எழுதி வைத்துவிட்டே போனார்.

நாவல் தப்பிவிட்டது. குரல்?

பிரித்தானியாவில் பி.பி.சி. தொலைக்காட்சி, இடம் போதாதென்றும் நாடா விலை கூடவென்றும் அறுபதுகளின் ‘டொக்டர் ஹூ’ தொடரின் பல அத்தியாயங்களை அழித்தது. அவ்வாறு படம் தொலைந்தவற்றுக்கும் இன்று ஒலி மட்டும் இருக்கிறது. காரணம், ரசிகர்கள் வீட்டிலிருந்தபடி தமது ஒலிப்பதிவுக் கருவியில் பதிந்து வைத்ததுதான். நிறுவனம் எறிந்ததைச் சாதாரணக் குடும்பங்கள் காத்தன.

எமது வீடுகளிலும் அப்படியான பெட்டிகள் உண்டு. கொழும்பில் வானொலியிலிருந்து பதிந்தவை, லண்டனிலிருந்து யாரோ அனுப்பியவை, ரொறன்ரோவுக்கு எட்டு மணிநேரம் கார் ஓட்டிப்போய்த் திரும்புகையில் தமிழ்க்கடையில் வாங்கியவை. எடிசனிலும் பிஸ்கட்டவேயிலும் அவை நிலவறைகளில் ஈரம் பிடித்துக் கிடக்கின்றன. காந்த நாடா நிரந்தரமல்ல. ஈரமும் வெக்கையும் அதைத் தின்றுவிடும். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தார் அச்சில் வந்தவற்றுக்குச் செய்ததை, நாம் ஒவ்வொருவரும் எம்மிடமுள்ள ஒலிக்குச் செய்யத் தொடங்க வேண்டும். நாடாவை ஓடவிட்டுக் கணினியில் ஏற்ற ஒரு சனி ஞாயிறு போதும். யார் பேசுகிறார்கள், எப்போது பதிந்தது என்று தெரிந்தவரை எழுதி ஒட்டிவையுங்கள்.

வருகிற பொங்கலுக்கும் யாரோ ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தத்தான் போகிறோம். போர்த்துங்கள். ஆனால் அதற்கு முன் அவரை ஒரு மணிநேரம் இருத்திவைத்துப் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். ‘மண் சுமந்த மேனியர்’ பற்றி நான் சொன்னதில் உடன்பாடில்லாதவர்கள் அடுத்த இதழில் எழுதட்டும். எழுதும்போது தம்மிடமுள்ள நாடாக்களின் பட்டியலையும் சேர்த்து அனுப்பினால் விவாதத்தில் யார் தோற்றாலும் எமக்கு நட்டமில்லை.