பர்மா தேக்கும் ஒரு காப்பி மேசையும்

செட்டிநாட்டு வீடு என்றாலே பர்மா தேக்கு என்பார்கள். அந்தத் தேக்கு எப்படி அங்கே வந்தது, இப்போ ஏன் வெளியே போகிறது? பழைய தேக்கு வாங்கி ஒரு காப்பி மேசை செய்த நாட்களில் இதைப் பற்றி எடுத்த குறிப்புகளைத் தொகுத்திருக்கிறேன். தச்சு வேலை எனக்குப் புதுசு.

முதலில் மரம். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் பர்மாக் காடுகளில் அடிமரத்தைச் சுற்றி வளையமாக வெட்டி, நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று வருஷம் காயவிட்டார்கள். அதுக்கப்புறம்தான் சாய்த்து, யானைகளை வைத்து ஓடைக்கு இழுத்து, மழைக்கால வெள்ளத்தில் விட்டு, தெப்பமாகக் கட்டி ரங்கூனுக்கும் மோல்மீனுக்கும் கொண்டு வந்தார்கள். ஒரு மரம் காட்டிலிருந்து துறைமுகம் வந்து சேரவே பல வருஷம் ஆகும்.

அடுத்து பணம். கடல் கடந்து தொழிலுக்குப் போவதை நகரத்தார் வழக்கில் 'கொண்டுவிற்கப் போவது' என்பார்கள். 1852-ல் கீழ்ப் பர்மா பிரிட்டிஷார் கைக்குப் போனது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தபின் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி ஏறியது. ஐராவதி டெல்டாவில் காட்டைத் திருத்தி வயலாக்க விவசாயிக்குக் கடன் வேண்டும். ஐரோப்பிய வங்கிகள் அவனுக்குத் தராது. அந்த இடத்தில் நகரத்தார் லேவாதேவி நின்றது.

இங்கேதான் மேசை வருகிறது. ரங்கூனிலோ சிங்கப்பூரிலோ அவர்களுடைய கிட்டங்கியில் நாற்காலி கிடையாது. ஏஜெண்டு தரையில் சம்மணமிட்டு உட்காருவார். முன்னால் ஒரு தாழ்வான மரப்பெட்டி. உள்ளே பணமும் பத்திரமும், மேலே பேரேடு எழுத இடம். அதுதான் பெட்டியடி. தொழில் பழக வந்த பிள்ளைக்குப் பெயரே பெட்டியடிப் பையன். செட்டிநாட்டு வளவுகளின் தேக்குத் தூண்களுக்குப் பின்னால் இருக்கிற பணத்தில் பெரும்பங்கு இப்படிப்பட்ட பெட்டிகளின் மேல் எழுதிய கணக்குதான்.

1930-களின் உலக மந்தத்தில் நெல் விலை விழுந்தது. வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் விவசாயிகள் நிலத்தை இழந்தார்கள். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1937-ல் சுமார் 25 சதவீதம் ஆனது. லேவாதேவிக்காரருக்கு வேண்டியது பணம். வந்து சேர்ந்தது விற்க முடியாத நிலம். நிலம் போன பர்மிய விவசாயிக்கு வந்தது கோபம். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்தது. 1948-ல் நிலம் நாட்டுடைமைச் சட்டம், 1963-ல் வங்கிகள் நாட்டுடைமை. அத்தோட பர்மா கதை முடிந்தது.

வீடுகள் மட்டும் ஊரில் நின்றன. ஒரு வீட்டில் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு பங்கு. மூன்று தலைமுறையில் பங்குகள் பெருகி, பங்காளிகள் சென்னை, மலேசியா, அமெரிக்கா என்று சிதறினார்கள். ஓடு மாற்றவே எல்லாரும் ஒத்துவர வேண்டும். ஒத்துவராத வீடு ஒழுகும், கடைசியில் இடிபடும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் நிலையும் தூணும் உத்தரமும் சாய்ந்து கிடப்பது இப்படித்தான். 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தன. ஆனாலும் வீடுகளைப் பிரிப்பது நிற்கவில்லை.

நான் வாங்கினது இரண்டு சட்டங்கள். வேலையைப் பற்றிச் சுருக்கமா: முதலில் காந்தம் வைத்து உள்ளே முறிந்து கிடக்கிற ஆணிகளைத் தேடி எடுக்கணும். தேக்கில் சிலிக்கா உண்டு, இழைப்புளி சீக்கிரம் மழுங்கும், அடிக்கடி தீட்டணும். மரத்தில் எண்ணெய்ப் பசை இருப்பதால், இழைத்த அன்றே அசிட்டோன் தொட்டுத் துடைத்துவிட்டுப் பசை போடணும். கால்களைத் துளையும் நாக்குமாகப் பொருத்தினேன். மேலே அரக்கு பாலிஷ் அழகுதான். ஆனால் சூடான டபராவை வைத்தால் வெள்ளை வளையம் விழும். அதனால் எண்ணெய் வார்னிஷை மெல்லிசாக நாலு தடவை பூசி, நடுநடுவே உப்புத்தாள் தேய்த்தேன்.

இழைக்கும்போது புகையும் பழைய பாலிஷும் சுருள் சுருளாக வந்தன. அடியில் பொன்னிற மரம். அழகுதான். ஆனா அந்தச் சுருளோடு போவது ஒரு வீட்டின் அடையாளம். தூணாக இருக்கும்வரை அது எந்தக் கட்டில், எந்த உயரத்தில் நின்றது என்று அளந்து சொல்லலாம். மேசையான பிறகு அது வெறும் 'பழைய தேக்கு'.

கடைக்காரரிடம் எந்த ஊர் வீடு என்று கேட்டேன். "பக்கத்துல ஒரு ஊருங்க, பேரு ஞாபகமில்ல" என்றார். ஆகவே மேசைப் பலகையின் அடியில் எனக்குத் தெரிந்ததை மட்டும் பென்சிலால் எழுதியிருக்கிறேன்: வாங்கின தெரு, தேதி, சட்டத்தின் அளவு. நீங்கள் பழைய மரம் வாங்கப் போனால் விலை பேசுவதற்கு முன்னால் ஊர்ப் பெயரைக் கேளுங்கள். இழைப்பதற்கு முன்னால் நாலு பக்கமும் போட்டோ எடுத்து, அளவெடுத்து வையுங்கள். பேரேட்டை அவ்வளவு கவனமாக எழுதியவர்களின் வீட்டு மரத்துக்கு ஒரு வரிக் கணக்காவது மிஞ்சட்டும்.