கண்ணைப் படிக்கும் கம்ப்யூட்டர்

கொற்கை என்றாலே முத்துதான். ஒரு காலத்தில் பாண்டியர்களின் துறைமுகம். தாமிரபரணி கொண்டு வந்து கொட்டிய வண்டலால் கடல் பல கிலோமீட்டர் தள்ளிப்போய், இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சின்ன கிராமமாக இருக்கிறது. இதே மாவட்டத்தில் அயன் வடமலாபுரம் என்று இன்னொரு ஊர் உண்டு. அங்கே 1918-ல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. அப்போது அது திருநெல்வேலி மாவட்டம்.

1944-ல் சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் முடித்து ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். பிரசவ மருத்துவராக வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. பேனா பிடிப்பதே கஷ்டம்! அந்த விரல்களுக்குக் கத்தியைப் பிடிக்கப் பழக்கி, கண் அறுவை சிகிச்சை கற்றுக்கொண்டார். வாழ்நாளில் லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள் செய்ததாகச் சொல்வார்கள். அரசு வேலையில் ஓய்வு பெற்றதும், 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1988-ல் அது திருநெல்வேலிக்கும் வந்தது.

கண்புரை என்றால் ஆபரேஷன் செய்து பார்வையைத் திருப்பிவிடலாம். சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவது அப்படி இல்லை. போன பார்வை பெரும்பாலும் போனதுதான். ஆரம்பத்தில் வலி கிடையாது, மங்கலும் தெரியாது. "நல்லாத்தானே தெரியுது" என்று இருப்பவரின் கண்ணுக்குள் சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் கசிந்துகொண்டிருக்கும். அதை விழித்திரையின் போட்டோவில்தான் பார்க்க முடியும். போட்டோ எடுக்க ஒரு டெக்னீஷியன் போதும், ஆனால் அதைப் படித்துச் சொல்ல கண் டாக்டர் வேண்டும். கிராமம் கிராமமாக அத்தனை டாக்டர்களுக்கு எங்கே போவது?

இங்கேதான் செயற்கை நுண்ணறிவு வருகிறது. கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 1,28,175 விழித்திரைப் படங்களைக் கொடுத்து ஒரு கம்ப்யூட்டர் நிரலைப் பழக்கினார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த படங்களோடு, அரவிந்த் உட்பட மூன்று இந்தியக் கண் மருத்துவமனைகளின் படங்களும் அதில் உண்டு. ஒவ்வொரு படத்தையும் 3 முதல் 7 டாக்டர்கள் தனித்தனியாகப் பார்த்து மதிப்பிட்டார்கள். ஏன் அத்தனை பேர்? ஒரே படத்தைப் பார்த்து இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொல்வது சகஜம். கம்ப்யூட்டர் தப்பு செய்யுமா என்று கேட்கிற நாம் இதையும் யோசிக்க வேண்டும்.

2016-ல் முடிவுகள் வெளியாயின. மேற்கொண்டு சிகிச்சைக்கு அனுப்ப வேண்டிய அளவு நோய் இருந்த 100 படங்களில் 96-க்கும் மேல் கண்டுபிடித்துவிட்டது. நோய் இல்லாத 100-ல் ஆறேழு பேரை வீணாகப் பயமுறுத்தவும் செய்தது. 2019-ல் மதுரை அரவிந்தில் இது நோயாளிகளுக்கே பயன்பட ஆரம்பித்திருப்பதாக கூகுளும் அதன் சகோதர நிறுவனமான வெரிலியும் அறிவித்தன. அதற்கு முந்தைய ஆண்டே இதே நோய்க்கான வேறொரு கருவிக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்திருந்தது. பிளாஸ்டிக் சர்ஜரியிலும் தீக்காயத்தின் ஆழத்தைப் படத்தை வைத்தே கணிக்க ஆராய்ச்சிகள் நடக்கின்றன. ஆனால் சாதாரண ஜனங்கள் வரை முதலில் வந்து சேர்ந்ததில் கண்ணுக்குத்தான் பெரிய பங்கு.

எல்லாம் சுபமாக நடந்துவிடவில்லை. இதே கூகுள் நிரலைத் தாய்லாந்தின் கிராமப்புற கிளினிக்குகளில் சோதித்தபோது, அறையில் இருட்டு போதாமல் படங்கள் தெளிவில்லாமல் வந்தன. ஏறக்குறைய ஐந்தில் ஒரு படத்தை "பார்க்க முடியாது" என்று கம்ப்யூட்டர் திருப்பி அனுப்பியது. இன்டர்நெட் வேறு மெதுவாக இருந்தது. 2020-ல் வந்த அந்த அறிக்கையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி உடனே பதில் வந்துவிட்டால், அவ்வளவு தூரம் அலைய இவர்களால் முடியாதே என்று சில நர்சுகளே நோயாளிகளிடம் இந்தப் பரிசோதனை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.