கரையேறுமுன் ஒரு தீவு

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதம் வந்த பங்குனி உத்திரத்தன்று கோல சிலாங்கூர் வட்டாரத்து ஆலயங்கள் அடைபட்டுக் கிடந்தன. பால்குடமும் இல்லை, காவடியும் இல்லை. மாவட்டம் விட்டு மாவட்டம் போக அனுமதிக் கடிதம் வேண்டியிருந்தது. "நம் மக்களுக்கு இப்படியொரு காலம் வந்ததே இல்லை" என்று பலர் வருந்தியதைக் கேட்டேன். அவ்வாறன்று என்பதை எடுத்துரைக்கவே இக்கட்டுரை. இந்நாட்டு மண்ணில் காலூன்றுமுன் நம் முன்னோரில் மிகப் பலர் கடந்து வந்த முதல் வாசலே ஒரு தனிமை முகாம்தான்.

என் தந்தைவழிப் பாட்டி 1936இல் பத்து வயதுச் சிறுமியாகக் கப்பலேறியவர். "பினாங்கு தெரிஞ்சுது, ஆனா எறங்க விடல. வேற தீவுக்குக் கொண்டு போயிட்டாங்க" என்பார். அத்தீவின் பெயர் அவருக்கு நினைவில்லை. அது பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே கிடக்கும் ஜெர்ஜாக் தீவு என்பதை நான் பின்னாளில் படித்தே அறிந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே முதலில் தொழுநோயாளர் இல்லமும், பின்னர்க் கப்பற் பயணிகளுக்கான தனிமை முகாமும் அமைந்தன. சிங்கப்பூருக்குச் செயின்ட் ஜான்ஸ் தீவு எப்படியோ, பினாங்குக்கு ஜெர்ஜாக் அப்படி.

அக்காலத்தில் வாந்திபேதியும் பெரியம்மையும் கப்பலோடு பயணம் செய்தன. ஆகவே நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களிலேயே ஆட்களைச் சோதித்து அம்மை குத்தினர். கடற்பயணத்துக்குப் பின் மீண்டும் சோதனை. பினாங்கில் இறங்குவோர் ஜெர்ஜாக்கிலும், நேரே சிலாங்கூருக்கு வந்தோர் போர்ட் சுவெட்டன்ஹாம் முகாமிலும் ஏறத்தாழ ஒரு வாரம் தங்க வைக்கப்பட்டனர். உடுத்திய துணிகளை வாங்கி நீராவியில் வேகவைத்துத் திருப்பித் தந்தார்கள் என்பதைப் பாட்டி நகைத்துக் கொண்டே சொல்வார். அவர் அன்னைக்கு அது நகைப்பாக இருந்திராது. ஆட்களின் பயணச் செலவையும் முகாம் செலவையும் 1907இல் நிறுவப்பட்ட குடியேற்ற நிதி ஏற்றது. அந்நிதிக்குப் பணம் கட்டியவர்கள் தோட்ட முதலாளிகள்.

இவ்விதிகளை வெறுங்கொடுமை எனத் தள்ளிவிட இயலாது. முகாமிலேயே நோய் கண்டுபிடிக்கப்பட்டதால் தோட்டத்து லயங்கள் தப்பிய சமயங்கள் உண்டு. ஆயினும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கப்பலில் அறை எடுத்து வந்தவர் பெரும்பாலும் நேரே கரையிறங்கினார். டெக்கில் பாய் விரித்துப் படுத்து வந்தவரே தீவுக்குப் போனார். ஒரே கப்பல், ஒரே காற்று. நோய்க்கிருமி பயணச்சீட்டைப் பார்த்தா தொற்றுகிறது?

தீவைக் கடந்து வந்தவர்களுக்கும் தோட்டத்தில் வேறு நோய்கள் காத்திருந்தன. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் திறக்கப்பட்ட சில மாதங்களிலேயே மலேரியா அங்கு உழைத்தோரை வீழ்த்தியது. கிள்ளானில் பணியாற்றிய டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடிகட்டி அதைத் தணித்தார். பின்னர் அவர் முறை தோட்டங்களுக்கும் பரவியது. 1918இன் பிற்பாதியில் பரவிய இன்ஃபுளுவென்சா காய்ச்சலோ தோட்டத் தொழிலாளரிடையே பேரழிவை விளைத்தது. பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமாரம் தோட்டத்தில் 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டதைப் பெருமையுடன் எழுதுகிறோம். அதற்கு அடுத்த ஆண்டே இக்காய்ச்சல் வந்தது என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம்மிடமும் விதிகள் இருந்தன. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகுவர்; வெளியார் நுழையார்; வீட்டார் பிறர் வீட்டுக்குச் செல்லார்; தண்ணீர் ஊற்றும் வரை இந்நிலை. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர் ஊரெல்லை தாண்டித் தங்கலாகாது என்பதும் மரபு. இது நோய்த்தடுப்புக்காகவே ஏற்பட்டது என அடித்துச் சொல்ல நான் முன்வரவில்லை. விரதத்துக்கு வேறு பொருளும் உண்டு. எனினும் லயத்து மக்களுக்கு, வீட்டோடு இரு என்ற கட்டளை புதிதாக இருந்திருக்காது. 1980இல் பெரியம்மை ஒழிந்தது என உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. அம்மன் வாசலில் வேப்பிலை மட்டும் இன்றும் இருக்கிறது.

மீண்டும் 2020க்கு வருகிறேன். ஏப்ரலில் செலாயாங் மொத்தச் சந்தையைச் சூழ்ந்த குடியிருப்புகளுக்கு முள்வேலி போட்டார்கள். உள்ளே இருந்தவர்களில் மிகப் பலர் அயல்நாட்டுத் தொழிலாளர்கள். "அவர்களால்தான் நோய்" என்று நம்மவர் சிலர் பேசியதை என் காதாலேயே கேட்டேன். நம் பாட்டன்மார் ஜெர்ஜாக்கில் நின்றபோது பினாங்குக் கரையில் இருந்தவர்களும் இதையேதான் பேசியிருப்பார்கள். அரசு ஊழியன் என்ற முறையில் விதிகளின் தேவையை நான் அறிவேன். விதி வேறு, இந்தப் பேச்சு வேறு. இன்று நம் வட்டாரத் தோட்டங்களில் பழக்குலை வெட்டுவோரும் அத்தகைய தொழிலாளர்களே.

1969 முதல் 1993 வரை ஜெர்ஜாக் சிறைத்தீவாக விளங்கிற்று. 1914 செப்டம்பரில் சென்னையைக் குண்டு வீசிக் கலக்கிய எம்டன் கப்பல், அடுத்த மாதம் பினாங்குத் துறைமுகத்தில் ஒரு ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. அதில் மாண்ட மாலுமிகளுக்கு ஜெர்ஜாக்கில் நினைவுச் சின்னம் உண்டு. முகாமில் இறந்த தமிழருக்கு ஒரு கல்லேனும் உண்டா என அங்குச் சென்றபோது தேடினேன். என் கண்ணில் எதுவும் படவில்லை.

பெற்றோர் பாதுகாத்த கப்பற்சீட்டோ அம்மை குத்திய சான்றோ வைத்திருக்கும் அன்பர்கள், திருவிழா நாட்களில் அவற்றை நிர்வாகக் குழுவினரிடம் காட்டினால் படியெடுத்துக் கொண்டு உடனே திருப்பித் தருவோம்.