பால்மரமும் அடுக்களை அலமாரியும்



அடுக்களை அலமாரியைப் பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரையா என ஆசிரிய நண்பர்கள் சிலர் புன்னகைக்கக்கூடும். போர்களையும் ஒப்பந்தங்களையும் மட்டுமே வரலாறு எனப் படித்துப் பழகியவர்கள் நாம். ஆயினும், நம் பாட்டன் பாட்டிமார் எந்த மரத்தின் நிழலில் தம் வாழ்நாளைக் கழித்தார்களோ, அந்த மரத்தின் கதை அடுக்களை அலமாரியில்தான் வந்து நிற்கிறது. கடந்த ஆண்டிறுதி விடுமுறையில் நானும் என் தம்பியும் மெர்சிங்கில் உள்ள எங்கள் வீட்டிற்கு முதன்முறையாக அடுக்களை அலமாரி செய்தோம். அதன்பொருட்டுத் தேடிப் படித்தவற்றையும் பெரியோர் சொல்லக் கேட்டவற்றையும் பெற்றோர்களுடனும் ஆசிரியர்களுடனும் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ‘அலமாரி’ தமிழ்ச்சொல் அன்று. போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தது. மேசை, சாவி, ஜன்னல் ஆகியனவும் அவ்வழியே வந்தவைதாம். அப்படியானால் அதற்குமுன் தமிழர் பொருள்களை எங்கே வைத்தனர்? சுவரில் மாடம், கூரையடியில் பரண், உத்தரத்தில் தொங்கும் உறி, ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்குப்பானை, நெல்லுக்குக் குதிர், மசாலைக்கு அஞ்சறைப்பெட்டி. ஒவ்வொரு பொருளுக்கும் அதற்குரிய இடமும் பெயரும் இருந்தன. அடுக்களை என்ற சொல் இன்று வகுப்பில் விளங்குகிறது. உறி என்றால் படம் வரைந்து காட்டவேண்டியுள்ளது.

கடல் கடந்து வந்தவர்கள் இவற்றில் பெரும்பாலானவற்றைக் கொண்டுவரவில்லை. கொண்டுவரவும் இயலாது. லயத்து வீட்டில் மாடம் வைக்க மண்சுவர் இல்லை. குதிருக்கு நெல்லும் இல்லை, இடமும் இல்லை. அரிசி தோட்டத்துக் கடையில் பற்று எழுதி வாங்குவது. பின்புறச் சாய்ப்பில் மூன்று கல் அடுப்பு, சுவரில் ஆணியடித்த ஒரு பலகைத்தட்டு, மூடி கழன்ற பால்மாவு டின்கள், ஒரு மண்ணெண்ணெய் டின். பல குடும்பங்களின் அடுக்களை இவ்வளவுதான் என்று என் அன்னையும் அவர் வயதொத்தவர்களும் கூறக் கேட்டிருக்கிறேன். கிராணி வீட்டில் மட்டும் வலைக்கதவு போட்ட கறி அலமாரி இருக்குமாம். மலாய்க்காரர்கள் அதனைக் கெரோபொக் என்பர். எறும்பு ஏறாதிருக்க அதன் நான்கு கால்களையும் நீரூற்றிய கிண்ணங்களில் நிறுத்திவைப்பர். அந்த நான்கு கிண்ணங்களையே செல்வத்தின் அடையாளமாகச் சிறுமியர் பார்த்து நின்ற காலம் அது.

வீட்டைச் சுற்றிலும் மரக்காடு. ஆனால் அந்த மரம் பலகை தரும் மரமன்று என்பதே அன்றைய முடிவு.

1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளைத் திரட்டி லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் சேர்ப்பித்தார். மறு ஆண்டில் 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்தன. மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை 1890களில் சிங்கப்பூர்ப் பூங்காவில் ஹென்றி ரிட்லி செம்மைப்படுத்தினார். 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் வணிக நோக்கில் பயிரிட்டார். பின்னர் நடந்ததை நாம் அறிவோம். கங்காணிகளின் வழியே தமிழகத்து ஊர்கள் பல இங்கே பெயர்ந்து வந்தன. 1938-இல் இந்திய அரசு உதவி பெற்றுவரும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்யும்வரை இது தொடர்ந்தது.

எங்கள் மெர்சிங் வட்டாரத்திலும் கித்தாக்காடுகள் இருந்தன. ஜெமாலுவாங் அருகிலிருந்த நித்ஸ்டேல் தோட்டம் 1942 ஜனவரி 26, 27 தேதிகளில் ஆஸ்திரேலியப் படையினர் ஜப்பானியரை மறைந்திருந்து தாக்கிய களமாயிற்று. போரைப் பற்றிய நூல்களில் அத்தோட்டத்தின் பெயர் இடம்பெறுகிறது. அங்கே பால் வெட்டியவர்கள் அந்த இரவில் அடுப்பை அணைத்துவிட்டு எங்கே ஒளிந்தார்கள் என்பது நான் படித்தவற்றில் இல்லை.

ரப்பர் மரம் ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள் வரை பயன் தரும். அதன்பின் சீவுவதற்குப் பட்டை இராது. வெட்டி வீழ்த்திப் புதுக்கன்று நடுவர். வீழ்ந்த மரம் விறகாகும். ரப்பர்த் தாள்களைப் புகையில் உலர்த்தும் கூடத்திற்கும் செங்கற்சூளைக்கும் போகும். லயத்து அடுப்புக்கும் போகும். ஏன் பலகையாக அறுக்கவில்லை? அறுத்தால் நில்லாது. இம்மரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுதி. வெட்டிய சில நாள்களிலேயே நீலப்பூஞ்சை படர்ந்து நிறம் மாறும். வண்டு துளைத்து மாவாக்கிவிடும்.

இவ்விடத்தில் ஜெர்மனிக்குச் சிறிது சென்று வருவோம். பொருத்தமான காரணம் உண்டு. இன்று நாம் ‘கிச்சன் கேபினட்’ என்று சொல்லும் வரிசை அலமாரிக்கு முன்னோடியாகக் கருதப்படுவது 1926-இல் பிராங்பர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக வடிவமைக்கப்பட்ட அடுக்களை. வடிவமைத்தவர் வியன்னாவைச் சேர்ந்த மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்னும் பெண் கட்டடக்கலைஞர். ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்ட சிற்றறை. ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது அமைக்கப்பட்டது. அரிசி, சர்க்கரை போன்றவற்றுக்குப் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள் வரிசையாக இருந்தன. நம் அஞ்சறைப்பெட்டிக்குத் தூரத்து உறவு என்று எனக்குத் தோன்றும். மாவு வைக்கும் பெட்டியை மட்டும் அவர் ஓக் மரத்தில் செய்வித்தார். அம்மரத்திலுள்ள துவர்ப்புச் சத்து புழுவை அண்டவிடாது. எந்த மரத்தைப் பூச்சி விரும்பும், எதை வெறுக்கும் என்பதே அடுக்களைத் தச்சின் முதற்பாடம். பூச்சி மிகவும் விரும்பும் மரம் நம்முடையது.

அந்தக் குறையைத் தீர்க்கும் வழி கெப்போங் வன ஆராய்ச்சி நிலையம் முதலிய இடங்களில் நடந்த ஆய்வுகளால் தெளிவாயிற்று. மரத்தை வெட்டிய சில நாள்களுக்குள் அறுத்து, அழுத்தக் கலனில் இட்டு, போரான் உப்புக்கரைசலை உள்ளே செலுத்தி, பிறகு சூளையில் உலர்த்தவேண்டும். 1970களின் பிற்பகுதியிலிருந்து இம்முறை தொழிலாக வளர்ந்தது. காட்டுமரம் அரிதாகிவந்த காலம் அது. வெளிர்மஞ்சள் நிறமுடைய இம்மரம் மேசை, நாற்காலியாக வெளிநாடு சென்றது. நம் ஜொகூர் மாநிலத்தின் மூவார் தளவாடத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊராயிற்று. 2017 ஜூலை முதல் அறுத்த ரப்பர்ப் பலகையின் ஏற்றுமதியையே அரசு தடை செய்தது. ஒருகாலத்தில் அடுப்பில் எரிந்த மரம் உள்நாட்டுத் தொழிற்சாலைகளுக்கே போதாத மரமாகிவிட்டது.

காலத்தை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் நெஞ்சு சற்றுக் கனக்கிறது. தோட்டங்கள் செம்பனைக்கு மாறியதும், வீடமைப்புக்கு விற்கப்பட்டதும், லயத்துக் குடும்பங்கள் மூட்டை கட்டியதும் ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தாம். மரத்தைச் சாய்த்தபோது அதை நம்பியிருந்தவர்களின் வீடும் போயிற்று. சாய்ந்த மரத்திற்கோ புதுவிலை கிடைத்தது. இதற்காக எவரையும் குறைகூற நான் முனையவில்லை. ஆனால் தோட்டத்து வரலாற்றை 1896-இல் தொடங்கும் நாம், அது எங்கே முடிகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இந்தப் பலகையையும் காட்டவேண்டும் என்பது என் கருத்து.

எங்கள் அலமாரிக்கு வருகிறேன். கதவுகளுக்கு 18 மில்லிமீட்டர் கனமுள்ள ரப்பர்ப் பலகை வாங்கினோம். உற்றுப்பார்த்தால் அது ஒரே பலகையன்று. சிறு துண்டுகளின் முனைகளைப் பல்வரிசைபோல் வெட்டி, விரல்களைக் கோப்பதுபோல் கோத்து ஒட்டியிருக்கிறார்கள். நேரான நெடுந்துண்டு இம்மரத்தில் கிடைப்பது அரிது. பெட்டிகளை மரத்தூள் அட்டையில் செய்யாமல் ஒட்டுப்பலகையில் செய்தோம். நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றில் எங்கள் ஊர்ச் சுவரே வியர்க்கும், அட்டை ஊதிவிடும். போரான் உப்பும் நீரில் கரைந்து வெளியேறக்கூடியது. ஆகவே அறுத்த ஓரங்கள் அனைத்திற்கும் மும்முறை வார்னிஷ் பூசினோம். கதவுக்கீல் பதிக்க 35 மில்லிமீட்டர் வட்டக்குழி தோண்டவேண்டும். பலகையின் மறுபுறம் துளை விழாமல் நிறுத்துவதில்தான் கைத்திறன் இருக்கிறது. கடற்காற்றில் சாதாரணக் கீல் துருப்பிடிக்கும் என்பதால் துருப்பிடியா எஃகுக் கீல் தேடி வாங்கினோம்.

கடைகளில் விற்கும் ஆயத்த அலமாரி மேடை ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் உயரமிருக்கும். என் அன்னை குள்ளமானவர். பல ஆண்டுகள் காண்டாவில் பால்வாளி சுமந்த தோள். இளமையில் தரையில் குந்திச் சமைத்தவர். தரையிலிருந்து அவர் முழங்கை 94 சென்டிமீட்டர். அதிலிருந்து 12 குறைத்து, மேடையை 82-இல் நிறுத்தினோம். பிராங்பர்ட் அம்மையார் இதை ஏற்றுக்கொண்டிருப்பார் என நம்புகிறேன்.

மிஞ்சிய பலகைத்துண்டு ஒன்றைப் பள்ளி திறந்ததும் வகுப்பிற்கு எடுத்துச் சென்று, இது என்ன மரம் என்று வினவினேன். தேக்கு என்றனர், பிளைவூட் என்றனர், ஒருவன் செம்பனை என்றான். வீட்டிற்குக் கொண்டுபோய்ப் பெரியவர்களிடம் கேட்டு வரும்படி முறைவைத்துக் கொடுத்தனுப்பினேன். மூன்றாம் நாள் ஒரு மாணவி கொண்டுவந்த தாளில், அவளுடைய பாட்டி சொல்ல அவள் எழுதியிருந்தாள்: கித்தாமரம், உளி, மங்கு, ஒட்டுப்பால், காண்டா, பிரட்டுக்களம். ‘பிரட்டுக்களம்’ என்பதற்கு வல்லின றகரமா இடையின ரகரமா என்று அடைப்புக்குறிக்குள் கேட்டிருந்தாள்.