நான்கு கோல் தோல்வி, ஐந்து கோல் வெற்றி: சுனில் சேத்ரி குறித்த விவாதம் கடந்து வந்த பாதை

கோலார் தங்கவயல்: தங்கச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்ட பிறகு, கோலார் தங்கவயல் மக்களுக்கு வேலைக்குச் செல்வது என்றால் பெங்களூருக்குச் செல்வது என்றே பொருளாகிவிட்டது. மாரிக்குப்பத்தில் தொடங்கி பங்காருப்பேட்டை வழியாகச் செல்லும் ரயிலில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவை நாள்தோறும் கடப்பவர்கள் ஆயிரக்கணக்கில் உள்ளனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். கால்பந்தும் ஹாக்கியும் சுரங்கக் காலத்திலேயே இவ்வூரில் வேரூன்றியவை. எனவே பெங்களூரு எஃப்சி அணி தோற்றால் அதன் சூடு கண்டீரவா மைதானத்தோடு நின்றுவிடுவதில்லை. மறுநாள் காலை ரயில் பெட்டி வரை வந்து சேர்கிறது.

அப்படி வந்து சேர்ந்த தோல்விகளில் 2023 டிசம்பர் 8-ஆம் தேதி நிகழ்ந்தது முக்கியமானது. அன்று இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) ஆட்டத்தில் சொந்த மைதானத்திலேயே மும்பை சிட்டி அணியிடம் பெங்களூரு 0-4 என்ற கோல் கணக்கில் வீழ்ந்தது. மறுநாளே பயிற்சியாளர் சைமன் கிரேசன் பதவியிழந்தார். ஒரு வாரத்துக்குள் ஸ்பெயினைச் சேர்ந்த ஜெரார்ட் சரகோசா நியமிக்கப்பட்டார். பயிற்சியாளர் மாறியதால் ஒரு கேள்வி தீர்ந்தது. மற்றொன்று தீரவில்லை: 39 வயதை எட்டிவிட்ட தலைவர் சுனில் சேத்ரியை இனியும் முன்களத்தில் வைத்திருக்கலாமா?

இரு தரப்பு வாதம்

சேத்ரி 1984 ஆகஸ்ட் 3-ஆம் தேதி செகந்திராபாத்தில் பிறந்தவர். பெங்களூரு அணி தொடங்கப்பட்ட 2013-ஆம் ஆண்டிலேயே அதில் சேர்ந்தார். ஐ லீக் பட்டத்தை இருமுறையும் (2013-14, 2015-16) ஐஎஸ்எல் கோப்பையை ஒருமுறையும் (2018-19) அந்த அணி வென்றபோது முன்களத்தின் முகம் அவரே. இத்தகைய வீரருக்குக் கோல் வராமல் போகும்போது ரசிகர்கள் இரண்டாகப் பிரிவது இயல்பு.

ஒரு தரப்பினர் வயதைக் காட்டினர். பந்தைத் துரத்தி எதிரணித் தடுப்பாட்டக்காரர்களை நெருக்கும் இக்கால ஆட்டத்தில் 39 வயது வீரர் ஒரு சுமை என்றும், அவர் இடத்தைப் பிடித்திருக்கும் வரை இளைஞர்கள் வளர மாட்டார்கள் என்றும் அவர்கள் வாதிட்டனர். மறுதரப்பினர் நடுக்களத்தைக் காட்டினர். பந்தே வந்து சேராத இடத்தில் யாரை நிறுத்தினாலும் என்ன பயன் என்பது அவர்கள் கேள்வி. நான்கு கோல்களை வாங்கிய ஆட்டத்துக்கு முன்கள வீரரைக் குற்றம் சொல்வது, கூரை ஒழுகியதற்கு வாசற்கதவைத் திட்டுவது போன்றது என்ற இரண்டாவது வாதத்தில் நியாயம் அதிகம்.

ஆயினும் முதல் தரப்பை அடியோடு ஒதுக்கிவிட முடியாது. 2023-24 பருவத்தில் ஐஎஸ்எல் போட்டியில் சேத்ரி அடித்தது ஐந்தே கோல்கள். பன்னிரண்டு அணிகள் மோதிய அப்பருவத்தில் பெங்களூரு 22 புள்ளிகளுடன் பத்தாம் இடத்தில் முடித்தது.

கோல் வறட்சியை எப்படிப் படிப்பது?

முன்கள வீரரின் வறட்சியைப் பற்றிப் பேசும்போது, அவர் வாய்ப்புகளைத் தவறவிடுகிறாரா, அவருக்கு வாய்ப்புகளே வருவதில்லையா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். இதற்காகவே 'எக்ஸ்ஜி' எனப்படும் எதிர்பார்ப்புக் கோல் கணக்கு பயன்படுகிறது. உதைக்கப்பட்ட இடம், கோணம் முதலியவற்றைக் கொண்டு, அத்தகைய உதை கோலாகும் வாய்ப்பை 0 முதல் 1 வரையிலான எண்ணாகக் குறிப்பார்கள். பெனால்டி உதைக்கு இது முக்கால் பங்குக்குச் சற்று மேல். பெட்டிக்கு வெளியிலிருந்து உதைக்கப்படும் பந்துக்கு மிகக் குறைவு.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் ஆட்டத்துக்கு இரண்டு உதைகள் வீதம் ஐந்து ஆட்டங்களில் பத்து முறை கோலை நோக்கி உதைக்கிறார் எனக் கொள்வோம். ஒவ்வொன்றும் பத்தில் ஒரு பங்கு வாய்ப்புடையது என்றால், அவர் ஒரு கோல் கூட அடிக்காமல் போவதற்கான சாத்தியம் ஏறத்தாழ 35 விழுக்காடு. அதாவது திறமை சற்றும் குறையாத வீரரும் ஐந்து ஆட்டங்கள் வெறுங்காலுடன் திரும்புவது அரிதல்ல. ஐந்து ஆட்டங்களை வைத்து ஒருவரின் முடிவுரையை எழுதுவது அவசரம். ஒரு முழுப் பருவமும் அப்படியே போனால் அதை வேறு விதமாகப் பார்க்கத்தான் வேண்டும்.

பெருந்தோல்வியின் கணக்கும் சற்று விநோதமானது. 0-1 என்று தோற்றாலும் 0-4 என்று தோற்றாலும் இழப்பது அதே மூன்று புள்ளிகள்தான். இரண்டு கோல் பின்தங்கிய அணி சமன் செய்யும் அவசரத்தில் ஆட்களை முன்னே அனுப்புகிறது, பின்புறம் திறந்துவிடுகிறது, மூன்றாவதும் நான்காவதும் அந்த இடைவெளியில் விழுகின்றன. எனவே கடைசி இரண்டு கோல்கள் அணியின் தரத்தைவிட அதன் பதற்றத்தையே அதிகம் காட்டுகின்றன. ஆனால் நிர்வாகமும் ரசிகர்களும் பார்ப்பது பலகையில் உள்ள எண்ணைத்தான். கிரேசன் 0-1 என்று தோற்றிருந்தால் மறுநாளே பதவி போயிருக்குமா என்பது ஐயமே.

பிரேசிலின் ஃப்ரெட்

உலக அளவில் இதற்கு இணையான நிகழ்வு 2014 ஜூலை 8-ஆம் தேதி பிரேசிலின் பெலோ ஹொரிசோன்டே நகரில் நடந்தது. உலகக் கோப்பை அரையிறுதியில் ஜெர்மனியிடம் பிரேசில் 1-7 என்று தோற்றது. அத்தொடர் முழுவதிலும் ஒரே ஒரு கோல் அடித்திருந்த முன்கள வீரர் ஃப்ரெட், இரண்டாம் பாதியில் மாற்றப்பட்டு வெளியேறியபோது சொந்த நாட்டு ரசிகர்களே கூச்சலிட்டு அவமதித்தனர். தொடர் முடிந்ததும் அவர் தேசிய அணியிலிருந்து விலகினார். ஏழு கோல்களும் விழுந்தது மைதானத்தின் மறுமுனையில். பழி வந்து நின்றதோ ஃப்ரெட்டின் மீது. பெலே சிலை நிற்கும் பெங்களூரு கௌதமபுரத்தின் தமிழ் ரசிகர்களுக்கும் அந்த இரவு மறக்கக்கூடியதன்று.

மைசூரின் பழைய காயம்

இந்தியக் கால்பந்துக்கும் இத்தகைய அனுபவம் புதிதல்ல. 1952 ஜூலை 15-ஆம் தேதி ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் சைலன் மன்னா தலைமையிலான இந்திய அணி யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்றது. அதற்கு முந்தைய ஆண்டுதான் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில், ஈரானுக்கு எதிராக மேவாலால் அடித்த ஒரே கோலால் இந்தியா தங்கம் வென்றிருந்தது. அந்தப் பெருமிதம் ஹெல்சின்கியில் தொண்ணூறு நிமிடங்களில் உடைந்தது. யூகோஸ்லாவியாவின் பிராங்கோ ஜெபெக் மட்டும் நான்கு கோல்கள் அடித்தார். இந்தியாவின் ஒரே கோல் பெங்களூரைச் சேர்ந்த அகமது கானுடையது. இந்திய வீரர்கள் பலர் வெறுங்காலுடன் ஆடியதே அன்றைய விவாதப் பொருளாயிற்று. இதன் பிறகே காலணி அணிந்து ஆடுவது கட்டாயமாக்கப்பட்டது. அந்த யூகோஸ்லாவிய அணி இறுதிப் போட்டி வரை சென்று ஹங்கேரியிடம் மட்டுமே தோற்று வெள்ளி வென்றது என்பதையும் சேர்த்தே அத்தோல்வியை எடைபோட வேண்டும்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்தவர் மைசூர் மாநில அணியின் சாரங்கபாணி ராமன். அந்த ஆட்டத்தில் இந்தியா இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்டு 1-2 என்று தோற்றது. இப்பகுதியின் கால்பந்து நினைவில் வெற்றிக்கு நிகராகத் தவறிய வாய்ப்புகளும் உண்டு.

மைசூர் சந்தோஷ் கோப்பையை நான்கு முறை வென்றது. 1968-69க்குப் பிறகு ஐந்தாவது முறை வெல்ல 54 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2023 மார்ச் 4-ஆம் தேதி ரியாத்தில் மேகாலயாவை 3-2 என்று வென்று கர்நாடகா அக்கோப்பையைக் கைப்பற்றியது.

அதற்கு முந்தைய நாள்தான் சேத்ரியின் பெயர் நாடெங்கும் ஒலித்தது. கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்கு எதிரான நாக் அவுட் ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில், எதிரணி ஆயத்தமாகும் முன்பே அவர் ஃப்ரீ கிக்கை உதைத்துக் கோலாக்கினார். அதை ஏற்காத பிளாஸ்டர்ஸ் அணி மைதானத்தைவிட்டு வெளியேறியது. கவனிக்க வேண்டியது என்னவெனில், அப்பருவத்தின் பிற்பகுதியில் பல ஆட்டங்களில் சேத்ரி தொடக்க அணியிலேயே இல்லை. அவர் மாற்று வீரராக அமர்ந்திருந்த அந்தக் காலத்தில்தான் பெங்களூரு லீக் ஆட்டங்களில் தொடர்ந்து எட்டு வெற்றிகள் பெற்றது. இது அவரை விமர்சிப்போரின் வலுவான ஆயுதம்.

அந்த இடத்தில் ஆடியவர்களில் ஒருவர் சிவகங்கை மாவட்டம் கண்டனூரைச் சேர்ந்த சிவசக்தி நாராயணன். 2022 செப்டம்பரில் டூரண்ட் கோப்பை இறுதி ஆட்டத்தில் மும்பை சிட்டிக்கு எதிராகக் கோல் அடித்தவர். அவ்வாண்டு ஐஎஸ்எல் பருவத்தில் ஆறு கோல்கள் எடுத்தார். 2023 மார்ச் 18 அன்று கோவாவில் நடந்த ஐஎஸ்எல் இறுதிப் போட்டியில் ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே காயமடைந்து வெளியேற, அவருக்குப் பதிலாக இறங்கியவர் சேத்ரிதான். இளையவர் போய் மூத்தவர் வந்த அந்த ஆட்டத்தில் மோகன் பகானிடம் பெனால்டி முறையில் பெங்களூரு தோற்றது.

இந்திய முன்கள வீரர் எங்கே?

விவாதத்தின் ஆழமான பகுதி சேத்ரியைப் பற்றியதே அல்ல. 2014-இல் தொடங்கிய ஐஎஸ்எல் போட்டியில் 2024-25 வரை தங்கக் காலணி விருதை ஓர் இந்தியர் கூடப் பெற்றதில்லை. சென்னையின் வால்ஸ்கிஸ், ஹைதராபாத்தின் ஓக்பெச்சே என்று பட்டியல் முழுவதும் வெளிநாட்டவர். கோல் அடிக்கும் பொறுப்பை அணிகள் வெளிநாட்டு வீரர்களிடம் ஒப்படைத்துவிட்டு, இந்திய முன்கள வீரர்களைப் பக்கவாட்டில் நிறுத்துகின்றன. வெற்றி உடனே வேண்டும் என்ற நெருக்கடியில் உள்ள பயிற்சியாளரை இதற்காகக் குறை சொல்வதும் கடினம்.

விளைவு தேசிய அணியில் தெரிந்தது. 151 ஆட்டங்களில் 94 கோல்கள் என்ற கணக்குடன் 2024 ஜூன் 6-ஆம் தேதி கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிரான ஆட்டத்தோடு சேத்ரி விடைபெற்றார். அந்த ஆண்டு முழுவதும் இந்தியா ஓர் ஆட்டத்திலும் வெல்லவில்லை. 2025 மார்ச்சில் அப்போதைய பயிற்சியாளர் மனோலோ மார்க்கெஸ் அவரை மீண்டும் அழைத்தார். மார்ச் 19-ஆம் தேதி ஷில்லாங்கில் மாலத்தீவை 3-0 என்று வென்ற ஆட்டத்தில் அவர் தமது 95-ஆவது கோலை அடித்தார். 40 வயது வீரரைத் திரும்ப அழைக்க நேர்ந்தது அவருக்குப் பெருமை. கூட்டமைப்புக்கு அப்படிச் சொல்ல இயலாது.

2024-25 பருவம் விமர்சகர்களை ஓரளவு மௌனமாக்கியது. டிசம்பர் 7-ஆம் தேதி பிளாஸ்டர்ஸுக்கு எதிராக மூன்று கோல்கள் அடித்து, ஐஎஸ்எல் வரலாற்றில் ஹாட்ரிக் எடுத்த மிக மூத்த வீரரானார் சேத்ரி. பருவ முடிவில் 14 கோல்களுடன் இந்திய வீரர்களில் முதலிடம் பிடித்தார். 2025 மார்ச் 29 அன்று நாக் அவுட் ஆட்டத்தில் அதே கண்டீரவா மைதானத்தில் அதே மும்பை சிட்டியை 5-0 என்று பெங்களூரு வீழ்த்தியது. நான்காவது கோல் சேத்ரியுடையது. ஆனால் இறுதிப் போட்டியில் மோகன் பகானிடம் 1-2 என்று கூடுதல் நேரத்தில் கோப்பை கைநழுவியது.

தேசிய அணியில் அந்த எழுச்சி தொடரவில்லை. ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் வங்கதேசத்துடன் 0-0, ஹாங்காங்கிடம் 0-1 என்று முடிந்தது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி மார்கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்றதோடு இந்தியாவின் வாய்ப்பு முடிந்தது. இந்தியாவின் ஒரே கோலை லாலியன்சுவாலா சாங்டே அடித்தார்.